வியாழனுக்கு ஒரு புத்தகம்

ஒவ்வொரு கோளுக்கும் ஒரு புத்தகம், கையாலேயே செய்து வருகிறேன். வியாழன்தான் என்னை அதிகம் இழுக்கிறது. அதன் மேகப் பட்டைகளை நான் வரைவதில்லை, மார்பிளிங் செய்கிறேன். தட்டில் கொழகொழப்பான தண்ணீர், மேலே காவியும் வெள்ளையுமாகச் சாயத் துளிகள். சீப்பை மெதுவாக இழுத்தால் பட்டைகள் நீளும்; ஓரிடத்தில் ஊசியைச் சுழற்றினால் பெரிய செம்புள்ளி. தாளைப் படியவைத்து எடுத்தால் அந்த ஓட்டம் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். அதே மாதிரி இன்னொரு தாள் வரவே வராது. வியாழனிலும் கால் பதிக்கத் தரை கிடையாது, ஓடும் மேகம்தான்.

வெள்ளிக்கு இரண்டு வட்டத் தட்டுகள். சூரியனைச் சுற்ற 225 நாள். தன்னைத்தானே சுற்ற 243 நாள், அதுவும் எதிர்த்திசையில். கையால் திருப்பிப் பார்க்கும்போதுதான் இது மனதில் பதிகிறது.

இதில் எனக்குக் குரு பெட்ருஸ் அப்பியானுஸ். 1540இல் ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட்டில் அவர் அச்சிட்ட 'அஸ்ட்ரோனோமிக்கம் சீசரியம்' நூலில், அடுக்கடுக்கான காகிதச் சக்கரங்களைத் திருப்பியே கோள்கள் இருக்குமிடத்தைக் கணிக்கலாம். பட்டு நூலில் கோத்த சின்ன முத்துதான் அடையாளக் குறி. எவ்வளவு அழகான யோசனை!

அடுத்தது சனி. வளையத்துக்கு ஒளி ஊடுருவும் மெல்லிய கைக்காகிதம் தேடுகிறேன். கிடைக்கும் இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.