விடுதலை பழகாத திமிங்கலம்

ஐஸ்லாந்தின் தென்கரையில் படகு ஏறினால் சுமார் 40 நிமிடத்தில் ஹெய்மே தீவு. வெஸ்ட்மன் தீவுக்கூட்டத்தில் மனிதர்கள் வசிக்கும் ஒரே தீவு. 1973 ஜனவரியில் ஊரை ஒட்டியே எரிமலை வெடித்தது. துறைமுகத்தை அடைக்க வந்த நெருப்புக் குழம்பின் மீது கடல்நீரைப் பாய்ச்சித் தடுத்தார்கள். இன்றும் துறைமுக வாயிலின் ஒருபுறம் கறுத்து இறுகிய அந்தக் குழம்பு. மறுபுறம் செங்குத்துப் பாறைகள். பாறைகளின் மறைவில் ஒதுங்கிக் கிடக்கிறது கிளெட்ஸ்விக் விரிகுடா.

1998 செப்டம்பரில் கேய்கோ என்ற ஓர்கா திமிங்கலத்தை விமானத்தில் கொண்டுவந்து இறக்கிய இடம் இதுதான். 1993ல் வெளியான 'ஃப்ரீ வில்லி' படத்தின் நாயகன். படத்தில் திமிங்கலம் தடையைத் தாண்டிக் கடலுக்குப் போய்விடும். நிஜத்தில் கேய்கோ மெக்சிகோ நகரின் கேளிக்கைப் பூங்காவில் வித்தை காட்டிக்கொண்டிருந்தது.

1979ல் ஐஸ்லாந்துக் கடலில் பிடிபட்டபோது அதற்கு சுமார் இரண்டு வயது. பிறகு ஐஸ்லாந்து, கனடா, மெக்சிகோ என்று தொட்டிகள்தான் மாறின. குளிர்கடலில் பிறந்த பிராணி, கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டர் உயரத்தில், வெதுவெதுப்பான உப்புநீரில் கிடந்தது. எடை குறைந்தது. வைரஸ் தாக்கித் தோலில் மருக்கள் படர்ந்தன. முதுகுத் துடுப்பு சரிந்தது. கடலில் இப்படிச் சரிந்த துடுப்பு அபூர்வம். தொட்டியில் வளர்ந்த ஆண் ஓர்காக்களிடம் நிமிர்ந்த துடுப்புதான் அபூர்வம். ஒரே நாளில் 100 கி.மீ. கூட நீந்தக்கூடிய பிராணி இது. தொட்டியில் அடைபட்டால் வட்டமடிக்கிறது. சுவரையும் இரும்புக் கதவையும் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொள்கிறது.

1996ல் அமெரிக்காவின் ஓரிகனில் குளிர்ந்த கடல்நீர்த் தொட்டி கிடைத்ததும் உடம்பு தேறியது. மருக்கள் மறைந்தன, எடை கூடியது. ஆனால் உடம்பு தேறினால் மட்டும் போதவில்லை. ஓர்காக்கள் குடும்பமாக வாழ்பவை. வேட்டையையும் தம் கூட்டத்தின் குரலையும் தாயிடமும் சுற்றத்திடமும் கற்பவை. அந்தப் பாடம் கேய்கோவுக்குப் பாதியில் நின்றுவிட்டது. கிளெட்ஸ்விக்கிலிருந்து திறந்த கடலுக்கு அழைத்துப் போனார்கள். மற்ற ஓர்காக்களின் அருகில் போனாலும் கூட்டத்தோடு ஒட்டவில்லை.

2002 கோடையில் அது தனியே கடலைக் கடந்து நார்வே போய்ச் சேர்ந்தது. அங்கே தேடியது மனிதர்களை. குழந்தைகள் அதன் முதுகில் ஏறி விளையாடினார்கள். 2003 டிசம்பரில் அங்கேயே இறந்தது. நிமோனியா என்றார்கள்.

2019ல் ஷாங்காய் பூங்காவிலிருந்து இரண்டு பெலுகா திமிங்கலங்கள் ஹெய்மே வந்தன. 2020ல் அவற்றை விரிகுடாவில் விட்டும், குளிர்காலத்துக்குள் உள்ளரங்கக் குளத்துக்கே திருப்பிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அடைப்பது சுலபம்; அவிழ்ப்பதுதான் பெரும்பாடு. 2013ல் டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்று இந்தியா அறிவித்தது இந்தப் பெரும்பாட்டை மிச்சப்படுத்தியிருக்கிறது.

கோடை முடிவில் ஹெய்மேயில் பஃபின் பறவைக் குஞ்சுகள் ஊர் விளக்குகளில் மயங்கித் தெருவில் விழும். சிறுவர்கள் அட்டைப்பெட்டியில் எடுத்துவந்து, மறுநாள் கடல்பக்கம் வீசிப் பறக்கவிடுவார்கள். பெட்டியில் ஓர் இரவு இருந்த குஞ்சுக்குக் கடல் மறப்பதில்லை. கேய்கோ மனிதர் கையில் இருந்தது சுமார் 20 வருடம்.