சல்லடையும் மெகாபைட்டும்

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். அதற்கு முன்பு, ஆங்கிலேயர் காலத்தில் அந்தக் கரையில் நடந்த ஏலங்களில் ஒரு வேடிக்கை உண்டு. வியாபாரி காசு கொடுத்து வாங்கியது முத்தை அல்ல, திறக்காத சிப்பியை! கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. மீதி அரசாங்கத்துக்கு. அரசாங்கத்தின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று ஏலம் போகும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது.

ஆனாலும் யாரும் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கவில்லை. குளிப்புக்கு முன்பே மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுப்பார்கள். அதை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களை மதிப்பிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் வியாபாரிகள் கையில் எவ்வளவு பணத்தோடு வருவது என்று முடிவு செய்வார்கள்.

இணையத்தில் "தரவிறக்க இங்கே சொடுக்கவும்" என்று மட்டும் எழுதியிருக்கும் இணைப்பும் திறக்காத சிப்பிதான். உள்ளே இருப்பது 80 கேபியா, 80 எம்பியா? தெரியாது. டயல்-அப் காலத்தில் நொடிக்கு 56 கிலோபிட் வேகத்தில் 5 எம்பி கோப்பு இறங்கக் குறைந்தது 12 நிமிடம் ஆகும். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்தவருக்கு அது பணம். இன்று ஒரு நாளைக்கு இவ்வளவு ஜிபி என்று ரீசார்ஜ் செய்பவருக்கும் அது பணம்தான். அளவைச் சொல்லாத தளம் வாசகரின் காசை அவரைக் கேட்காமலே செலவு செய்கிறது.

சரி, அளவைச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?

சர்வரைக் கேட்டால் அது பைட்டில்தான் பதில் சொல்லும். 123456789 என்று ஒரே இழையாக வரும். நம்மூர் வழக்கப்படி கமா போட்டால் 12,34,56,789. பன்னிரண்டு கோடிச் சொச்சம். கணினிக்கு இது போதும். "இதை இப்போது இறக்கலாமா, ராத்திரி இறக்கலாமா" என்று யோசிப்பவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

முத்து வியாபாரிகளும் ஒவ்வொரு முத்தையும் குறுக்கே அளந்துகொண்டிருக்கவில்லை. பத்து பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். முதல் சல்லடையில் 20 துளை, அடுத்து 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. துளை கூடக் கூட அதன் அகலம் குறையும். எந்தச் சல்லடையில் முத்து நின்றதோ அதுதான் அதன் அளவு. விலை பேச அவ்வளவு போதும்.

வலைத்தள வார்ப்புருவிலும் இதே வேலைக்குச் சல்லடை இருக்கிறது. பெயரும் பொருத்தம், 'ஃபில்டர்'! பைத்தானில் எழுதும் தளங்களுக்கான ஜாங்கோவில் அதன் பெயர் 'ஃபைல்சைஸ்ஃபார்மட்'. மேலே சொன்ன எண்ணை அதில் போட்டால் 117.7 எம்பி என்று வரும். ஜின்ஜா என்ற வார்ப்புரு மொழியிலும் அதே பெயரில் ஒரு ஃபில்டர் உண்டு. அதே எண்ணைப் போட்டால் 123.5 எம்பி என்கிறது!

இரண்டும் சரிதான். ஜாங்கோ 1024ஆல் வகுக்கிறது. ஜின்ஜா, வேறு மாதிரி கேட்காதவரை, 1000ஆல் வகுக்கிறது. 16 ஜிபி பென் டிரைவை விண்டோஸில் செருகினால் 14.9 ஜிபி என்று காட்டுவதும் இதனால்தான். கடைக்காரர் ஏமாற்றவில்லை. இந்தக் குழப்பம் தீர 1998லேயே ஐஇசி என்ற சர்வதேச அமைப்பு, 1024 கணக்குக்குக் கிபிபைட், மெபிபைட் என்று தனிப் பெயர் கொடுத்தது. பேச்சு வழக்கில் அவை நிலைக்கவில்லை. ஆகவே ஒரு தளத்தில் எந்தக் கணக்கோ, எல்லாப் பக்கத்திலும் அதையே வைப்பது நல்லது. ஆளுக்கொரு சல்லடை வைத்தால் சந்தையில் சண்டைதான் வரும்.

மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையிலிருந்து ஒரு நல்ல உதாரணம். ஈழத்து நூல்களைச் சேர்த்து வைக்கும் 'நூலகம்' தளம் 2005ல் தொடங்கியது. அங்கே பல நூல்களின் பக்கத்தில், பிடிஎப் இணைப்பை ஒட்டி, அடைப்புக்குறிக்குள் இத்தனை எம்பி என்று போட்டிருக்கும். ஸ்கேன் செய்த பழைய புத்தகங்கள் கனமானவை. மெதுவான இணைப்பில் இருப்பவருக்கு அந்தச் சின்ன அடைப்புக்குறி பெரிய உதவி.

கல்லூரி வலைத்தளமோ சொந்தத் தளமோ செய்பவர்கள் கவனிக்க இன்னும் மூன்று விஷயங்கள்:

தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் போதும். 117.7376 எம்பி என்று போட்டால் யாருக்கும் கூடுதலாக எதுவும் புரியாது.

எல்லாவற்றையும் எம்பியிலேயே காட்டக் கூடாது. 20 கேபி கோப்பு 0.0 எம்பி ஆகிவிடும். வாசகர் அதைக் காலிக் கோப்பு என்று நினைப்பார்.

மாற்றிய எழுத்தைத் திரையில் மட்டும் காட்ட வேண்டும். தரவுத்தளத்தில் பைட் எண் அப்படியே இருக்கட்டும். இல்லாவிட்டால் அளவுப்படி வரிசைப்படுத்தும்போது, 9 என்ற எழுத்து 2க்குப் பின்னால் வருவதால், 900 கேபி 2 எம்பியை விடப் பெரியதாகிவிடும்!

ஃபில்டரைச் சேர்ப்பது வார்ப்புருவில் ஒரே ஒரு சொல். முத்துச் சிப்பியைத் திறக்காமல் உள்ளே இருப்பதைச் சொல்ல யாராலும் முடியாது. கோப்பின் அளவோ சர்வருக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததை வாசகருக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுவதில் என்ன கஷ்டம்?