எண்ணெய் என்ன இட்லி மாவா?



போன வாரம் கள்ளக்குறிச்சி வீட்டுக்கு ஒரு பழைய மாணவன் வந்திருந்தான். விமான எரிபொருள் கிடங்கில் வேலை. அவன் பேசப் பேச எனக்கு 1986 ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது கல்வராயன் மலையில் வாத்தியார் நான். வெள்ளிமலைப் பக்கம் மழைக்காலத்துக்கு முன்பே சீமெண்ணெய் வாங்கி மாசக்கணக்கில் வைத்திருப்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "சார், பித்தளைத் தூக்குல வெச்ச எண்ணெய் பிசுபிசுன்னு ஆவுது, திரி சீக்கிரம் கருகுது. தகர டின்னுல வெச்சா அப்படி ஆவல. ஏன் சார்?" என்றான். "எண்ணெய் என்ன இட்லி மாவாடா, கெட்டுப்போக?" என்றேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அவன் என்னிடம் கேள்வியே கேட்கவில்லை.

விமானத்துக்குப் போடுவதும் நன்றாகச் சுத்தம் செய்த சீமெண்ணெய்தான். அது எரிவதற்கு முன் எஞ்சின் ஆயிலின் சூட்டையும் வாங்கிக்கொள்கிறது. நாள்பட்ட எண்ணெயில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மெல்ல வேலை செய்து பெராக்சைடு, பிசின் என்று உண்டாக்கும். சூடு ஏறியதும் அது குழாயிலும் எரிபொருள் தெளிக்கும் முனையிலும் அரக்குப் போலப் படியும். இதைச் சோதிக்க 260 டிகிரிச் சூட்டில் ஒரு அலுமினியக் குழாய் மேல் இரண்டரை மணி நேரம் எண்ணெயை ஓடவிட்டு, குழாயில் படிந்த கறையைப் பார்க்கிறார்கள்.

"இதுல செம்புதான் சார் பெரிய எதிரி" என்றான். நூறு கோடிப் பங்கில் ஐம்பது, நூறு பங்கு கலந்தாலே போதுமாம். அதனால் கிடங்குகளில் செம்பையும் பித்தளையையும் அண்டவிடுவதில்லை. மீறிக் கலந்துவிட்டால் செம்பைக் கட்டிப்போடத் தனி மருந்து உண்டு. ஆக்சிஜனைத் தடுக்கும் மருந்தைச் சுத்திகரிப்பு ஆலையிலேயே சேர்த்துவிடுகிறார்கள். தொட்டியின் அடியில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். 2020 ஊரடங்கில் இரண்டு மாதம் பயணிகள் விமானம் ஓடவில்லையே, அப்படித் தேங்கிய எண்ணெயை மறுபடி சோதித்துப் பார்க்காமல் ஏற்றக் கூடாதாம்.

பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. வினையூக்கி பாடத்தை நடத்தியவனும் நானே! இரண்டு பாட்டிலில் எண்ணெய் ஊற்றி, ஒன்றில் பித்தளைத் துண்டு போட்டு ஜன்னலோரம் வைத்திருந்தால் அரையாண்டுக்குள் வகுப்பே பார்த்திருக்கும்.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். அந்த வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவனுக்கு அனுப்புங்கள். நீ சொன்னது சரிதான்ப்பா, சிரித்தது என் தப்பு.