கண்ணகி மலைக்கு ஒரு நடை

ஆண்டில் ஒரே ஒரு நாள், சித்திரா பௌர்ணமியன்று மட்டும், பக்தர்களுக்குத் திறக்கும் மலைப்பாதை ஒன்று உண்டு. லோயர் கேம்ப்பை அடுத்த பளியன்குடியிலிருந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறும் பாதைதான் அது. குமுளி வழியாக ஜீப்பிலும் போகலாம். நாமோ நடந்தே போவதென்று தீர்மானித்தோம்.

பொழுது விடியும் வேளையில் கூடலூரிலிருந்து புறப்பட்டோம். வழியெல்லாம் திராட்சைப் பந்தல்கள். மற்ற இடங்களில் பருவம் பார்த்துப் பழுக்கும் திராட்சை, கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் பழுக்கிறது. தென்னந்தோப்புகளுக்கு அப்பால், அறுவடை முடிந்த வயல்கள் ஜூன் மாதத்துத் தண்ணீருக்காகக் காத்துக் கிடந்தன.

லோயர் கேம்ப்பை நெருங்கியதும் அந்தத் தண்ணீர் வரும் வழி தெரிந்தது. மலைமேலிருந்து பிரம்மாண்டமான குழாய்கள் மின்சார நிலையத்துக்கு இறங்குகின்றன. மேற்குக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்று ஜலத்தை, 1895-இல் முடிந்த அணையினால் தடுத்து, ஒரு மைலுக்கும் அதிகமான சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பினார்கள். அதைச் சாதித்த எஞ்சினியர் பென்னிகுவிக்குக்கு 2013-இல் இங்கே மணிமண்டபம் எழுப்பப்பட்டது. அணை வேலையில் காட்டுக் காய்ச்சலுக்கு இரையான, பெயர் தெரியாத தொழிலாளிகளையும் நினைத்து ஒரு கணம் நின்றோம்.

பளியர்கள் வாழும் பளியன்குடியில் வனத்துறையினர் பைகளைச் சோதித்து அனுப்பினார்கள். பிறகு ஏற்றம்தான். மரநிழல் உள்ளவரையில் பேச்சு நடந்தது. வெயில் ஏறியதும் மூச்சுத்தான் நடந்தது. முன்னால் சென்ற மூதாட்டியிடம், "பாட்டி, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டோம்.

"தூரத்தைக் கேட்டா கால் வலிக்குமப்பா. ஆத்தாளை நினைச்சுக்கிட்டு ஏறு!" என்றாள்.

காடு முடிந்ததும் பரந்த புல்வெளி. சித்திரை வெயிலில் பொன்னிறமாகக் காய்ந்த புல் காற்றில் அலை அலையாகப் புரண்டது. ஒரு பக்கம் பெரியாற்றுக் காடுகள். மறு பக்கம், கீழே, அந்தக் காட்டு மழையினால் வாழும் நமது பள்ளத்தாக்கு. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்த்தாலன்றி இந்த உறவு நன்றாக விளங்காது.

சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோயில் இதுவே என்பது மக்களின் நம்பிக்கை. பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963-இல் இதைத் தேடிக் கண்டு உலகறியச் செய்தார். கருங்கற் சுவர்கள் சரிந்து கிடந்தாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. பெண்கள் வளையலும் மஞ்சள் கயிறும் பிரசாதமாகப் பெற்றார்கள். தமிழும் மலையாளமும் கலந்து ஒலித்தன.

கோயில் எவருடைய எல்லையில் இருக்கிறது என்பதில் இரு மாநிலங்களுக்கும் பிணக்கு உண்டு. அணை வழக்கோ உச்ச நீதிமன்றம் வரை சென்று, 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று 2014-இல் தீர்ப்பாயிற்று. ஆயினும் இந்த ஒரு நாள் விழாவைத் தேனி, இடுக்கி மாவட்ட அதிகாரிகள் கூடிப் பேசியே நடத்துகிறார்கள். நியாயம் கேட்டு அரசவை ஏறியவளின் சந்நிதியில் ஒரு நாள் கூடிவரும் இந்த இணக்கம், மலையடிவாரத்து வயல்களுக்கு ஆண்டு முழுவதும் வேண்டியிருக்கிறது.

பிற்பகலில் இறங்குகையில், காலையில் கண்ட அந்த வெறும் வயல்கள் மறுபடியும் கண்ணில் பட்டன. ஜூன் மாதம் வெகு தூரத்தில் இல்லை.