தாயின் கால்களும் சேயின் கொடியும்

ஈழத்துக் கிராமங்களிலே பசு கன்றீன்றதும், அதன் இளங்கொடியைச் சாக்கிலே சுற்றி, பாலுள்ள மரமாகிய ஆலிலே கட்டித் தொங்கவிடுவர். அவ்வாறு செய்தாற் பசுவுக்குப் பால் பெருகும் என்பது எம்முன்னோர் நம்பிக்கை. பசுவின் கொடிக்கு இத்துணை மதிப்பளித்த சமூகம், பெண்ணின் கொடியைப் பற்றியும் அவள் உடல்நோவு பற்றியும் பேச நாணுகின்றது. வன்னியிலே விஞ்ஞானங் கற்பித்து, 2010ஆம் ஆண்டு ஏதிலியாக ஜேர்மனி வந்துசேர்ந்த நாம், இவ்விழா மலரிலே அதுபற்றிச் சில கூற விழைகின்றோம். அதற்குக் காரணம் உண்டு.

எமது பாடசாலைக்கு மகனை அழைத்துவரும் இளந்தாய் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன்னர் இரண்டாவது மகவைச் சுமந்திருந்தார். உணவகமொன்றின் சமையலறையிலே நாள்முழுதும் நின்று பணிபுரிந்தார். கணுக்கால் முதல் தொடைவரை நீலநிறமாய்ப் புடைத்தெழுந்த குழாய்களை நீண்ட காற்சட்டையால் மறைத்துவந்தார். எம் இல்லாளிடம் மட்டும், "எல்லாத் தாய்மாருக்கும் வாறதுதானே அக்கா, பிள்ளை பிறந்தாப் போயிடும்" என்றாராம். வைத்தியரிடமோ, 'நரம்பு நோகின்றது' என்பதை அகராதியிற் பார்த்து, 'நேர்வ்' என்று கூறியிருந்தார். அவரும் இடுப்பிலிருந்து இறங்கும் நரம்பின் வலியெனக் கருதி, உடற்பயிற்சி எழுதிக்கொடுத்திருந்தார். கால்களை இவர் காட்டவுமில்லை, அவர் பார்க்கவுமில்லை.

நமது பேச்சுவழக்கிலே நரம்பு என்னுஞ் சொல் இருபொருள் தருகின்றது. உணர்ச்சியைக் கடத்துவதும் நரம்பு. தோலின் கீழ்ப் பச்சையாய்த் தெரியும் குருதிக்குழாயும் நரம்பு. பாடநூல்களோ பின்னையதை நாளம் என்னும். ஜேர்மன் மொழியிலே முன்னையது 'நேர்வ்', பின்னையது 'வேனே'. இவ்வொரு சொல்லிலே ஒரு தாயின் மருத்துவம் திசைமாறிப் போயிற்று.

காலிலுள்ள குருதி புவியீர்ப்பை எதிர்த்து இதயத்தை நோக்கி ஏறவேண்டும். கெண்டைத்தசை சுருங்குந்தோறும் நாளங்களை அழுத்தி அதனை மேலே தள்ளும். மேலேறிய குருதி கீழே வழியாதவாறு, நாளங்களினுள்ளே ஒருவழிக் கதவங்களாக வால்வுகள் அமைந்துள்ளன. கருவுற்ற காலத்திலே குருதியின் அளவு ஏறத்தாழ அரைப்பங்கு கூடுகின்றது. ஓமோன்கள் நாளச்சுவரைத் தளர்த்துகின்றன. வளரும் கருப்பை வயிற்றுப் பெருநாளத்தை அழுத்துகின்றது. நாளம் விரிய, வால்வுகள் பொருந்தாது போக, குருதி தேங்குகின்றது. நீண்டநேரம் அசையாது நிற்போர்க்குத் துன்பம் மிகும்.

இனிச் சேயின் கொடியைக் காண்போம். நச்சுக்கொடி என ஊரார் கூறும் சூல்வித்தகம், பிறப்பின்போது ஏறத்தாழ அரைக்கிலோ நிறையுள்ளது. அதன் சடைமுளைகள் தாயின் குருதியிலே தோய்ந்துநின்று, ஒட்சிசனையும் ஊட்டத்தையும் பெறுகின்றன. ஆயினும் இருவர் குருதியும் நேரடியாகக் கலப்பதில்லை. ஸ்பெயின் நாட்டு அல்காலாப் பல்கலைக்கழகத்தார், நாளநோயுற்ற தாய்மாரின் சூல்வித்தகங்களை நோயற்றோருடையவற்றுடன் ஒப்பிட்டு, 2018ஆம் ஆண்டு முதல் ஆய்வுகள் வெளியிட்டுள்ளனர். நோயுற்றோருடையவற்றிலே சடைமுளைகளின் சிதைவையும், உயிர்க்கலங்கள் ஒட்சிசன் குறைவால் இடருற்றமைக்கான அறிகுறிகளையும் அவர்கள் கண்டனர். கால்நாளம் புடைத்த தாய்மாரின் குழந்தைகளெல்லாம் பாதிப்புறும் என்பது இதன் பொருளன்று. மிகப் பலர் நலமான பிள்ளைகளையே பெறுகின்றனர். ஆயினும், "தாயின் கால்தானே" என்று ஒதுக்கத்தக்க நோயன்று இது என்பது தெளிவு.

எம் இல்லாளின் வற்புறுத்தலால் அத்தாய் மீண்டும் வைத்தியரிடம் சென்றார். மொழிபெயர்க்க நாமும் உடன்சென்றோம். "நாளம்" என்ற சொல் வந்ததும் வைத்தியர் கால்களைப் பார்த்தார். கேளாஒலிக் கருவியாற் சோதித்தார். குருதிக்கட்டி இல்லை. காலையிலே படுக்கையை விட்டெழுமுன் அணியும் அழுத்தக் காலுறை, கால்களை உயர்த்தி ஓய்வு, இடப்புறம் சாய்ந்து படுத்தல், நாள்தோறும் நடை என்பனவே அவர் கூறியவை. ஒரு காலிலே மட்டும் திடீரென வீக்கமும் வலியும் சூடும் தோன்றினால், அல்லது மூச்சுத் திணறினால், கணமும் தாமதியாது மருத்துவமனைக்கு வருமாறு எச்சரித்தார்.

அத்தாயின் அச்சம் நோயைப் பற்றியதன்று. வேலை போய்விடுமோ, அதனால் வதிவிட அனுமதிக்கு இடையூறு வருமோ என்பதே. ஐந்தாம் மாதம் நிறைந்தபின், பெரும்பாலும் அசையாது நின்றே செய்யும் பணியை நாளொன்றுக்கு நான்கு மணிநேரத்துக்கு மேற் கருவுற்ற பெண்ணுக்கு அளித்தலாகாது என்பது ஜேர்மன் தாய்மைப் பாதுகாப்புச் சட்டம். கருவுற்றிருப்பது காரணமாகப் பணிநீக்கவும் இயலாது. இதனை அறிந்த பின்னரே அவர் முகம் தெளிந்தது. உரிய காலத்தில் நிறைவான பெண்மகவைப் பெற்றெடுத்தார்.

பெற்றோரே! எம் பாடசாலையிலே நாம் கற்பிக்கும் சொற்கள் மேடைப் பேச்சுக்கு மட்டும் உரியனவல்ல. நாடி, நாளம், நரம்பு என்பவற்றைப் பிள்ளைகள் இரு மொழியிலும் வேறுபடுத்தி அறிவாராயின், நாளை தம் அன்னையருக்கு அவர்களே வாயாக நிற்பர். கணவன்மாரே! மனைவியின் கால்களைக் குனிந்து பாருங்கள். தாய்மாரே! நோவை மறைத்தல் பொறுமையன்று. உங்கள் கால்களின் நலத்திலே இன்னோர் உயிருக்கும் பங்குண்டு. அன்னையர் நலமே வாழ்க!