எக்ஸின் மதிப்பு எத்தனை ரூபாய்?

கான்பூர் தோல் கிடங்கு ஒன்றில் 26 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுபவர் அவர். வரவு இடப்பக்கம், செலவு வலப்பக்கம். இந்த இரண்டில் அடங்காத விஷயம் உலகில் இல்லை என்பது அவரது நம்பிக்கை. 2024 ஜூனில் அந்த நம்பிக்கைக்குச் சோதனை வந்தது. பிளஸ் டூ கணிதத்தில் 95 மதிப்பெண் வாங்கிய மகள், இன்ஜினீயரிங் வேண்டாம், பி.எஸ்சி. கணிதம் படிக்கிறேன் என்றாள்.

வீடே அதிர்ந்தது. “படித்துவிட்டு டியூஷன் எடுப்பாளா?” என்று கேட்டார் தாய்மாமன். காரணம் இல்லாமல் இல்லை. நகரின் காகாதேவ் பகுதி முழுக்க கோச்சிங் சென்டர்கள். சுவரெங்கும் இன்ஜினீயரிங், மருத்துவ நுழைவுத் தேர்வுகளில் ஜெயித்தவர்களின் படங்கள். பி.எஸ்சி.யில் சேர்ந்ததற்காக யார் படமும் அங்கே ஒட்டப்படுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பேரேட்டைத் திறந்தார். கையில் இருப்பது 6 லட்சம், பி.எஃப். பணம். ஒன்பதாவது படிக்கும் மகனும் இருக்கிறான். சுயநிதிக் கல்லூரியில் நான்கு வருட இன்ஜினீயரிங்குக்கு 6 லட்சமும் போய்விடும். பிறகு ஆண்டுக்கு 4 லட்சம் சம்பளம் என்று எழுதினார். கணிதப் பட்டத்துக்குக் கட்டணம் வருடம் 12 ஆயிரம், மூன்று வருடத்துக்கு 36 ஆயிரம். அதன் எதிரே வரவுப் பகுதி காலியாக இருந்தது. அங்கே என்ன எழுதுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

மகள் நிரப்பினாள். வங்கித் தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். பி.எட். முடித்து, தகுதித் தேர்விலும் தேறி, கேந்திரிய வித்யாலயாவில் பட்டதாரி ஆசிரியை ஆனால் 7-வது சம்பளக் கமிஷன்படி அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். எம்.எஸ்சி. முடித்து ஆராய்ச்சிக்குப் போய் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால், 2023-ல் உயர்த்தப்பட்ட விகிதப்படி மாதம் 37 ஆயிரம். இன்ஷூரன்ஸ் துறையின் ஆக்சுவரி தேர்வுகளும் இருக்கின்றன. ஆனால் அவற்றை முடிக்கப் பல வருடங்கள் ஆகும்.

பிறகு அவள் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. “பாபுஜி, இன்ஜினீயரிங் முடித்தால் வேலை நிச்சயம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்றால்?” நான்கு லட்சம் ஒரே நொடியில் இரண்டு லட்சமானது. நிகழ்தகவை அவள் பள்ளியில் படித்திருந்தாள். அப்பா அதைக் கிடங்கில் கற்றிருந்தார், வராக்கடன் என்ற பெயரில்.

ஆனால் அவர் லேசில் தோற்பவர் அல்ல. “சரி, ஜே.ஆர்.எஃப். எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அங்கேயும் அதே பேனாவால் அடி” என்றார். அவளது பட்டியலும் சுருங்கியது. எம்.எஸ்சி.க்கு ஒன்றரை லட்சமாவது வேண்டும், சம்பாத்தியம் ஒரு வருடம் தள்ளிப்போகும் என்பதையும் சேர்த்து எழுதினார்.

தாய்மாமன் விடவில்லை. “ராமானுஜன் ஆகப் போகிறாளோ?” என்றார். ராமானுஜன் 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது மாதச் சம்பளம் 30 ரூபாய். மறு வருடம் சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த உதவித்தொகை 75 ரூபாய். அப்போது அவரிடம் பட்டமே கிடையாது. மகள் இதைச் சொன்னபோது அப்பாவுக்குப் பிடித்த தகவல் வேறு: ராமானுஜன் வேலை பார்த்தது கணக்குப் பிரிவில். ஆனாலும் ராமானுஜனை நம்பி யாரும் குடும்ப பட்ஜெட் போட முடியாது என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இரவு பதினோரு மணிக்கு ஒன்று தெளிவானது. கணிதப் பட்டம் தனியாக நின்று சம்பளம் வாங்கித் தராது. அது பாதி வழிக்கான டிக்கெட். ஆனால் விலை குறைந்த டிக்கெட். இன்ஜினீயரிங்கில் தோற்றால் 6 லட்சமும் போகும். இங்கே தோற்றால் போவது 36 ஆயிரமும் மூன்று வருடமும். மீதி 5 லட்சத்து 64 ஆயிரத்தை 7 சதவீத வட்டிக்குத் தொடாமல் போட்டு வைத்தால் ஐந்து வருடத்தில் 7 லட்சத்து 90 ஆயிரத்தைத் தாண்டும். அதிலிருந்து மகளின் எம்.எஸ்சி.க்கும் எடுக்கலாம், மகனின் படிப்புக்கும் மிஞ்சும்.

ஒப்பந்தம் போடப்பட்டது. மூன்றாம் வருடம் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ‘ஜாம்’ தேர்வை எழுத வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் அழுகை கூடாது, பி.எட். அல்லது வங்கித் தேர்வு. மகள் கையெழுத்துப் போட்டாள், அப்பாவும் போட்டார்.

இரண்டாம் வருடத்தில் அவள் வீட்டுத் திண்ணையில் ஆறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். தலைக்கு 800 ரூபாய், மாதம் 4,800. கல்லூரியின் ஆண்டுக் கட்டணம் மூன்றே மாதத்தில் கைக்கு வந்துவிட்டது. மாமா கிண்டலாகச் சொன்ன டியூஷன்தான். அப்பா அதை வரவில் எழுதினார். பட்டத்துக்கு எதிரே காலியாக இருந்த இடத்தில் மட்டும் மகளின் பட்டியலைப் பென்சிலில்தான் எழுதி வைத்திருக்கிறார். பேனாவால் எழுத இன்னும் நாள் இருக்கிறது என்கிறார்.