சவாரித் தரவையிலே ஒரு புதுச் சோடி

யாழ்ப்பாணக் குடாநாட்டைக் காண வருவோர் நல்லூர்க் கோயிலையும், கோட்டையையும், கீரிமலைக் கேணியையும், நயினாதீவையும் கண்டு மகிழ்ந்து ஊர் திரும்புகின்றனர். நன்றே. ஆயினும் இம்மண்ணின் மக்களது நெஞ்சத் துடிப்பை அறிய விரும்புவோர் காண வேண்டிய இடம் இன்னுமொன்று உண்டு. அதற்கு மதிலும் இல்லை, கோபுரமும் இல்லை. அரிவு வெட்டி முடிந்தபின் வெயிலில் இறுகிக் கிடக்கும் வெளியும், அதன் ஓரத்தே வரிசையாய் நிற்கும் பனைகளுமே அதன் அடையாளம். அதுவே சவாரித் தரவை.

பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில் அத்தகைய தரவை ஒன்றை நாடி நாம் புறப்பட்டோம். யாழ் நகரிலிருந்து ஆனைக்கோட்டை, மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை என மேற்கு நோக்கிச் செல்லும் வீதி அது. இடையிலே வழுக்கையாற்றின் படுக்கை குறுக்கிடுகின்றது. குடாநாட்டுக்கென்று இருக்கும் ஒரே ஆறு அது. அதுவும் மாரியில் மட்டும் நீர் கண்டு, கோடையில் ஆடு மாடு மேயும் புல்வெளியாகிவிடுவது. அந்த ஆற்றின் அயலிலே பரந்து கிடக்கும் வயல்வெளிகளில் மாரி நெல் விளைகின்றது. நெல் வீடு சேர்ந்த பின்னர் வெறுமையாய்க் கிடக்கும் நிலத்துக்கு வண்டிற் சவாரி புது உயிர் ஊட்டுகின்றது.

சவாரியைக் கண்டறியாத இளம் வாசகர்களுக்கு ஒரு சொல். இது தனி ஒரு மாட்டின் ஓட்டம் அன்று. பாரமற்ற சிறு வண்டிலிலே இரண்டு மாடுகளைப் பூட்டி, அத்தகைய இரண்டு வண்டில்களை ஒரே நேரத்தில் அருகருகே நேர்கோட்டில் ஓட விடுவதே சவாரி. ஆகவே இங்கே மாட்டின் வலிமையைவிடச் சோடியின் ஒற்றுமையே பெரிது. ஒரு மாடு பாய, மற்றது தயங்கினால் நுகம் கோணும். நுகம் கோணினால் வண்டில் கோணும். வண்டில் கோணினால் வெற்றி அடுத்த வண்டிலுக்கே. குடும்ப வாழ்க்கைக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லையென்று எம்முடன் வந்த அன்பர் ஒருவர் நகைச்சுவையாகக் கூறினார்.

நாம் சென்றடைந்தபோது, தரவையின் ஓரத்திலே பூவரச மர நிழலில் ஒரு சிறு கூட்டம் நின்றது. நடுவில் ஓர் இளைஞர். அவருக்கு இருபக்கமும் இரண்டு வெள்ளை நாம்பன்கள். கடன்பட்டும், தாயாரின் காப்பை அடகு வைத்தும் வாங்கிய சோடி அது. சவாரிக்கு அவர் புதியவர். அவருடைய மாடுகளும் புதியவை. இந்தச் சோடியை எந்தப் பிரிவில் இறக்குவது என்பதே அன்று அவர் முன் நின்ற கேள்வி.

சவாரிப் போட்டிகள் ‘ஏ’, ‘பி’, ‘சி’, ‘டி’, ‘ஈ’ எனப் பிரிவுகளாக நடத்தப்படுகின்றன. பல தரவைகளில் பெயர் பெற்ற சோடிகள் மேற்பிரிவுகளிலும், பழகிவரும் சோடிகள் கீழ்ப்பிரிவுகளிலும் ஓடுகின்றன. மேற்பிரிவிலே புகழ் பெரிது, பரிசும் பெரிது. இளைஞரின் தோழர்கள், “வாங்கினது வாங்கினாய், ‘பி’யிலை விடு, நாலு பேர் பேர் சொல்லுவினம்” என்று ஊக்கினர்.

அருகிலே பனங்குற்றியில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் அதுவரை வாய் திறக்கவில்லை. இளமையில் பல தரவைகளில் வண்டில் ஓட்டியவர் என்பதை அவர் மாடுகளைப் பார்த்த பார்வையே சொல்லிற்று. அவர் எழுந்து வந்து, மாடுகளின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், காற்குளம்பைத் தடவினார், பின்னர், “தம்பி, மாட்டுக்கு ஏத்த பிரிவைப் பார், உன்ரை ஆசைக்கு ஏத்த பிரிவைப் பாராதை” என்றார்.

“ஏன் அப்பு, என்ரை மாடு ஓடாதோ?” என்று இளைஞர் சற்று மனம் நொந்து கேட்டார்.

“ஓடும். ஆனால் இன்னும் வளருற மாடு. பெரிய மாட்டோடை ஓட விட்டால் முதல் நாளே மூச்சு முட்டும். ஒருக்கா வெருண்ட மாடு பிறகு தரவையைக் கண்டாலே பின்வாங்கும்” என்றார் முதியவர்.

அவர் கூற்றின் உண்மையைப் பல்லே விளக்கும். மாட்டுக்கு ஏறக்குறைய இரண்டு வயதளவிலே முதல் இரண்டு பால் முன்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கின்றன. எட்டு முன்பற்களும் நிலைத்து முடிய ஏறத்தாழ ஐந்து வயது ஆகிவிடுகின்றது. பல் நிறையாத மாட்டின் எலும்பும் தசைநாரும் முழு உறுதி பெறாதவை. வேகம் இருக்கலாம்; தாங்கும் வலு இராது.

தமிழகத்தார் இதனை வேறு வகையில் ஒழுங்கு செய்துள்ளனர். சிவகங்கை, தூத்துக்குடிப் பக்கங்களில் பெரிய மாடு, நடு மாடு, சிறிய மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு மாடு என உருவத்தை ஒட்டிப் பந்தயப் பிரிவுகள் வகுக்கப்படுகின்றன. பூஞ்சிட்டு என்ற பெயரிலேதான் எத்தனை அழகு! கொங்கு நாட்டு ரேக்ளாப் பந்தயத்திலோ காங்கேயம் காளைகள் பல் கணக்கையும் 200 மீற்றர், 300 மீற்றர் என்ற தூரக் கணக்கையும் ஒட்டி ஓடுகின்றன. வழி வேறாயினும் நோக்கம் ஒன்றே: ஒத்ததோடு ஒத்தது மோத வேண்டும்; பணப்பை மட்டும் பந்தயத்தை வென்றுவிடக் கூடாது.

மோட்டார் உலகமும் இதே பாடத்தைத்தான் கற்றிருக்கின்றது. நம் நாட்டின் நுவரெலியாவில் 1934ஆம் ஆண்டிலேயே மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் தொடங்கிவிட்டது. அத்தகைய பந்தயங்களிலே எஞ்சினின் கொள்ளளவு பார்த்துக் கார்களைப் பிரிப்பது வழக்கம். இங்கிலாந்திலே 1939ஆம் ஆண்டில் ‘750 மோட்டார்க் கழகம்’ என்றொரு சங்கம் தோன்றிற்று. 747 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள ‘ஒஸ்ரின் செவன்’ என்னும் எளிய சிறு காரைக் கொண்டே, பொருள் வசதி குறைந்தோரும் பந்தயத்தில் இறங்க அது வழி செய்தது. 1967இல் அந்நாட்டில் தொடங்கிய ‘போர்முலா போர்ட்’ பிரிவும் சாதாரணக் கார் எஞ்சினையே அடிப்படையாகக் கொண்டது. புதிதாய்ப் பந்தயத்துக்கு வருபவர், தம் காரை ஒத்த கார்கள் பல ஓடும் பிரிவைத் தெரிந்துகொண்டால், வென்றாலும் தோற்றாலும் காரணம் தெரிந்துவிடும். பெரிய எஞ்சின்களின் நடுவே அகப்பட்டால், தோற்றது ஓட்டியின் பிழையா, காரின் குறையா என்று அறியவே வழியில்லை.

முதியவர் மோட்டார்ப் பந்தயம் எதையும் கண்டிருக்க மாட்டார். ஆயினும் அவர் இளைஞருக்கு அளித்த அறிவுரை மூன்றும் அதே கருத்தையே தாங்கி நின்றன. முதலாவது, உன் சோடியை ஒத்த சோடிகள் கூடுதலாக உள்ள பிரிவில் இறங்கு. அங்கேதான் பழக்கம் கிடைக்கும். இரண்டாவது, உன் கையிருப்பைப் பார். மாடு வாங்கிய செலவோடு கதை முடிவதில்லை. வைக்கோல், புண்ணாக்கு, தவிடு, பயறு, வண்டிலின் பழுது, தரவைக்குத் தரவை மாட்டை ஏற்றிச் செல்லும் லொறிக் கூலி எல்லாம் உண்டு. மூன்றாவது, தோற்றாலும் மாடு நலமாய் வீடு திரும்பக்கூடிய பிரிவைத் தெரிந்துகொள்.

இளைஞர் சற்று நேரம் மாடுகளின் நெற்றியைத் தடவியபடி நின்றார். பின்னர் நேரே சென்று கடைசிப் பிரிவிலே பெயர் பதிந்துவிட்டு வந்தார். தோழர்கள் சிலரின் முகம் வாடிற்று.

அவருடைய முறை வந்தது. முதல் ஓட்டத்திலே வெள்ளைச் சோடி இலகுவாக வென்றது. அடுத்த ஓட்டத்திலே, இறுதிக் கோட்டை அண்மித்த வேளையில், கூட்டத்தின் கூச்சலைக் கேட்டு இடப்பக்கத்து மாடு தலையை நிமிர்த்திற்று. அந்த ஒரு நொடியிலே எதிர் வண்டில் முந்திவிட்டது. கைதட்டல் மற்றவருக்கே. ஆனால் மாடுகள் நான்கு காலும் நலமாய், மூச்சும் சீராய்த் திரும்பி வந்தன. “இண்டைக்குத் தோத்தது மாடு இல்லை, பழக்கம்தான். சனத்துக்குள்ளை கொண்டு திரிஞ்சு பழக்கு” என்றார் முதியவர். எங்கே குறை என்பது இளைஞருக்கு விளங்கிவிட்டது. மேற்பிரிவிலே பெருந்தோல்வி கண்டிருந்தால் இது விளங்கியிராது.

இங்கே ஒன்றை மறைக்காது கூற வேண்டும். வெற்றி வெறியினால் மாட்டைக் குத்தியும் அடித்தும் வருத்துவோர் உளர். அது விளையாட்டாகாது. இலங்கையிலே விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் சட்டம் 1907ஆம் ஆண்டு முதல் உண்டு. இந்தியாவிலே 2014இல் உச்ச நீதிமன்றம் மாட்டுவண்டிப் பந்தயங்களைத் தடுத்தது. 2017இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் செய்தது. அத்திருத்தம் 2023இல் அதே நீதிமன்றத்தால் ஏற்கப்பட்டது. தடை வந்த பின் வருந்துவதைவிட, தடைக்கு இடம் வையாது நடப்பதே அறிவுடைமை. மாட்டைத் தகுதிக்கு மீறிய பிரிவில் இறக்குவதும் ஒரு வகை வதையே. இயலாததை இயற்றுவிக்க முனையும்போதுதான் கை கேட்டியைத் தேடுகின்றது.

குடாநாட்டு மாடுகள் பட்ட துயர் கொஞ்சமன்று. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தபோது, வளர்த்த மாடுகளைக் கட்டவிழ்த்து விட்டுக் கண்ணீரோடு சென்றோர் பலர். போர் 2009இல் முடிந்தது, சவாரி மீண்டது. ஆயின் ஏர் பூட்டிய இடத்தை இன்று உழவு இயந்திரம் பிடித்துவிட்டது. பால் தராத, ஏரும் இழுக்காத நாம்பன் கன்றை ஒருவன் வளர்ப்பதற்கு எஞ்சியுள்ள காரணங்களுள் சவாரியும் ஒன்று. ஆகவே கடைசிப் பிரிவிலே ஒரு புதியவர் பெயர் பதிவது சிறு செய்தியன்று. மேற்பிரிவுச் சோடிகள் இன்றைய புகழைத் தாங்குகின்றன; கடைசிப் பிரிவுச் சோடிகளே நாளைய தரவையைத் தாங்குகின்றன.

மாணவ மணிகளே, விடுமுறையில் குடாநாடு வந்தால் ஒருநாள் தரவைக்கும் செல்லுங்கள். பெரிய சோடிகளின் பாய்ச்சலைக் கண்டு களியுங்கள். ஆனால் காலையிலேயே போய்விடுங்கள். கடைசிப் பிரிவுச் சோடிகளையும் அருகே நின்று பார்க்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள்.